ஒன்பதாவது நிகழ்ச்சி

செஞ்சி
2-2-1961

அன்புள்ள ருக்மணி அத்தைக்கு, சந்தனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், அம்மா, பெரியப்பா, பெரியம்மா அனைவரும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று அம்மா கேட்டு எழுதச் சொன்னாள்.

பொங்கலுக்கு வந்த சம்பவநாதன் அண்ணன் நான் செய்த செஞ்சிக் கோட்டைக் கல்யாண மகால் பொம்மையைச் சென்னைக்கு எடுத்துப் போயிருக்கிறார். உடையாமல் வந்து சேர்ந்ததா? தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. தச்சர் பச்சைமுத்துவிடம் மெல்லிய ரம்பம் இரவல் வாங்கி எட்டு மாதம் அறுத்தேன். கோட்டைக்குள் போய் நூல் பிடித்து அளந்தது போக, மீதி என் கற்பனைதான். ஏழு அடுக்கு. ஒவ்வொன்றையும் தனியே எடுத்து உள்ளே பார்க்கலாம். உச்சியில் ஒரு மிளகைப் போட்டால் எல்லா மாடிப்படிகளிலும் உருண்டு கீழ்வாசலில் வந்து விழும். மூன்றாவது அடுக்கில் மட்டும் படியை எதிர்ப்பக்கமாகத் திருப்பியிருக்கிறேன். அதைக் கால்வட்டம் திருப்பி வைக்காவிட்டால் மிளகு நின்றுவிடும். பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்கட்டும் என்று செய்தேன். அண்ணன் அவசரமாகக் கிளம்பியதால் இதைச் சொல்ல முடியவில்லை. தாங்கள் சொல்லவும்.

"இன்னாடி, குழம்புக்கு வெச்ச மிளகைப் போட்டு விளையாடிக்கிட்டு?" என்று பெரியப்பா ஒரு நாள் சத்தம் போட்டார். அண்ணன்தான், "சும்மா இருங்க நைனா. கட்டடம் படிக்கிறது நானா இவளான்னு எனக்கே சந்தேகமா இருக்குது" என்றார். அவர் அப்படிச் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களுக்குக் கட்டடப் படம் வரையும் பயிற்சி இரண்டு வருஷம் சென்னையில் இருக்கிறதாமே. பெண்களைச் சேர்ப்பார்களா? அப்பா இறந்த பிறகு இந்த வீட்டில் பெரியப்பா சொன்னதுதான் நடக்கிறது. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்
சந்தனா


திருவல்லிக்கேணி
20-2-1961

அன்புள்ள சந்தனாவுக்கு ஆசிகள். நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கல்லூரியில் மூன்று மாடி ஏறி இறங்க வேண்டும்.

உன் பொம்மை உடையாமல் வந்தது. மூன்றாவது அடுக்கைப் பற்றிச் சம்பவநாதனிடம் சொன்னேன். வேலை சுத்தமாக இருக்கிறது. நான் கணக்குப் பாடம் நடத்துகிறவள். எளிதில் எதையும் புகழ மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

இங்கே இளங்கட்டடக் கலைஞர் மன்றம் என்று ஒன்று உண்டு. கட்டடங்களை வைத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் அமைக்கும் போட்டி அறிவித்திருக்கிறார்கள். உன் பொம்மையைச் சம்பவநாதன் அதில் வைத்திருக்கிறான். கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள்தான் கலந்துகொள்ளலாம் என்பது விதி. ஆகவே படிவத்தில் அவன் பெயர் இருக்கிறது. இது ஒரு சம்பிரதாயம்தான். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

பயிற்சியில் பெண்களைச் சேர்க்கிறார்கள். சென்ற வருஷம் இரண்டு பேர். மன்றத்தின் செயலாளர் வீராசாமி என்பவர்தான் சேர்க்கைக் குழுவிலும் இருக்கிறார். இப்போதைக்கு உன் பெரியப்பாவிடம் எதுவும் பேசாதே. சமயம் பார்த்து நான் பேசுகிறேன்.

அன்புடன்,
ருக்மணி


செஞ்சி
28-2-1961

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். இங்கு அனைவரும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் இருமல்.

அண்ணன் பெயரில் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. வீராசாமி அவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

சென்ற வெள்ளிக்கிழமை அவலூர்பேட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள். மல்லாட்டைக் கடலை வியாபாரம். பையன் பெயர் ஆதிராஜன். வந்த அம்மாள் என் கையைத் திருப்பிப் பார்த்து, "இன்னாம்மா, கொத்தனாரு கையாட்டம் காய்ச்சிருக்குது?" என்று கேட்டார். பெரியம்மா முந்திக்கொண்டு, "மாவாட்டுற கை அது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. பெரியப்பா இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆவணிக்கு முன் தாங்கள் பேச வேண்டும்.

பணிவுடன்,
சந்தனா


செஞ்சி
2-5-1961

தங்கை ருக்மணிக்கு அப்பாண்டைநாதன் எழுதுவது. பகவான் அருளால் சேமம். உன் சேமத்துக்கு எழுதவும்.

நம் பிள்ளை முதல் பரிசு வாங்கியதைப் பத்திரிகையில் பார்த்து ஊரே வந்து விசாரிக்கிறது. செஞ்சியிலிருந்து கட்டடக்கலை படிப்பவன் அவன் ஒருவன்தானே. ஜூன் நாலாம் தேதி ஞாயிறு மாலை நம் மண்டி வாசலில் பந்தல் போட்டுப் பாராட்டு விழா வைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளும் பொம்மைக் கோயில், கோட்டை எல்லாம் செய்து வைக்கிறார்கள். செயலாளர் வீராசாமி வருவதாக எழுதிவிட்டார். நீயும் மேடையில் இருக்க வேண்டும்.

ஒரு சங்கடம். காலமான தம்பி ஜினசேனன் மகள் அது தன் வேலை என்று முனகிக்கொண்டு இருக்கிறாள். அவள் அம்மா தர்மவதியும் பெண்ணைச் சென்னைக்குப் படிக்க அனுப்பச் சொல்லி நேற்று அழுதாள். நான் வாயை அடைக்க வேண்டி, "அந்தச் சென்னைக்காரர் எதிரே மேடையில் உன் பேரு வந்துச்சுன்னா நானே பஸ் ஏத்தி அனுப்புறேன். வரலைன்னா ஆவணியில் அவலூர்பேட்டை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்ற முடியாது. ஆனால் செயலாளர் எதிரே அது வந்தால் பிள்ளையின் பரிசு என்ன ஆவது? அதனால் உன் பேச்சாக ஒன்பதாவது நிகழ்ச்சியாகப் போடுகிறேன், "மாதிரி செய்தவருக்குப் பாராட்டு" என்று. அதுதான் கடைசி. தமிழ் வாத்தியார் வாழ்த்துப்பா அதற்கு முன்னால் இருக்கிறது. அவர் மைக்கைப் பிடித்தால் விட மாட்டார். பொழுது சாய்ந்தால் நம்மவர்கள் யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? விளக்கு வைத்த பிறகு சாப்பிடும் வழக்கம் நம் சமணத்தில் இல்லையே. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பாண்டைநாதன்


திருவல்லிக்கேணி
9-5-1961

அண்ணனுக்கு நமஸ்காரம். நலம்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். ஆனால் சம்பவநாதன் ஐந்து வருஷமாக என் வீட்டில் இருப்பவன். போன வருஷம் டைபாய்டு வந்தபோது பத்து நாள் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டான். பரிசு பறிபோனால் கல்லூரியில் அவனை நிம்மதியாக இருக்க விட மாட்டார்கள். நீங்கள் வைத்தபடியே இருக்கட்டும்.

ருக்மணி


திருவல்லிக்கேணி
10-5-1961

அன்புள்ள சந்தனாவுக்கு ஆசிகள். உன் அம்மாவின் இருமலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

விழாவில் உன்னைப் பற்றி நானே பேசுகிறேன். ஒன்பதாவது நிகழ்ச்சி. கடைசியில் இருக்கிறதே என்று நினைக்காதே. கடைசியில் கேட்டதுதான் வந்தவர் மனத்தில் தங்கும். அதுவரை நீ யாரிடமும் எதுவும் சொல்லாமல் இரு. கூச்சல் போட்டுப் பெற்றது எதுவும் பெண்களுக்கு நிலைத்ததில்லை.

அன்புடன்,
ருக்மணி


செஞ்சி
19-5-1961

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். மருந்து வந்தது. அம்மாவுக்கு இருமல் நின்றது.

தாங்களே பேசப் போவதாக எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "ருக்மணி சொன்னா சொன்னதுதான்" என்றாள். பச்சைமுத்துவிடம் ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏன்மா, இனிமே வாணாமா?" என்றார். சென்னையில் எனக்கு வேறு கிடைக்கும் என்றேன். "அப்ப பெரிய மேஸ்திரியாத்தான் வருவ" என்றார்.

யாரிடமும் பேச மாட்டேன். வாக்குத் தருகிறேன்.

சந்தனா


செஞ்சி
6-6-1961

அன்புள்ள அத்தைக்குச் சந்தனா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஊர் போய்ச் சேர்ந்த விவரம் எழுதவும்.

தாங்கள் மேடையில் இருந்தீர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்ததை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று மணிக்கு ஆரம்பிப்பதாக இருந்தது நாலேகாலுக்கு ஆரம்பித்தது. பிள்ளைகள் தீப்பெட்டியில் செய்த பனமலைக் கோயிலையும் களிமண் மண்டகப்பட்டுக் குகையையும் வீராசாமி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். குகைத் தூணைத் தொட்டு, "ஈரமா இருக்குதே, இன்னைக்குத்தான் பண்ணியா?" என்று கேட்டார். இவருக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தேன்.

அண்ணன் மாலையோடு எழுந்து மகாலை அடுக்கினார். மிளகைப் போட்டார். வரவில்லை. இரண்டாவது மிளகு, மூன்றாவது மிளகு. கூட்டத்தில் யாரோ, "ரசம் வெக்கப் போறாங்கடா" என்றார்கள். ஒரே சிரிப்பு. பெரியப்பா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் மேடை ஏறினேன். என் பின்னால் ஒரு அம்மாள், "யாருடி அது?" என்று கேட்க, இன்னொருத்தி, "சாமான் தூக்கிக் குடுக்குற பொண்ணு போல" என்றாள்.

மகாலை லேசாக ஆட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். மூன்றாவது அடுக்கு. அதைக் கால்வட்டம் திருப்பினேன். மூன்று மிளகும் வரிசையாக வந்து விழுந்தன. கைதட்டினார்கள். அண்ணன் மைக்கில் சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள். "வீட்டுல தங்கச்சி தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். அதான் மாறிப்போச்சு." அதற்கும் சிரித்தார்கள். ஒன்பதாவது நிகழ்ச்சி இருக்கிறதே என்று இறங்கி வந்தேன்.

வாழ்த்துப்பா ஐந்தரைக்கு ஆரம்பித்தது. வாத்தியார் அண்ணனைத் தேவலோகத் தச்சனுக்கு மூத்தவன் என்றார். முப்பதாவது பாட்டில் மலை நிழல் பந்தலுக்கு வந்துவிட்டது. முன்வரிசைப் பெரியவர்கள் துண்டை உதறினார்கள். அவர் முடித்ததும் தாங்கள் காகிதத்தோடு எழுந்தீர்கள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பெரியப்பா மைக்கை வாங்கி, "பொழுது சாயப் போவுது. பெரியவங்க எல்லாம் சாப்பிட வாங்க. மிச்சத்தைப் பந்தியில பேசிக்கலாம்" என்றார். கூட்டம் எழுந்துவிட்டது. வீராசாமி மட்டும் உட்கார்ந்திருந்தார். தாங்கள் அவருக்கு ஆறடி தள்ளி நின்றீர்கள். மைக் வேண்டியதில்லை. தாங்கள் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பந்திக்குப் போனீர்கள். தங்கள் இலைக்கு நான்தான் பாயசம் விட்டேன். "போதும்மா" என்றீர்கள். செயலாளர் ஏழு மணி பஸ்ஸில் திண்டிவனம் போய்விட்டார்.

நாலு வருஷம் முன்பு நான் தங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். தாங்கள் இரவு எட்டரைக்கு மேல்தான் சாப்பிட்டீர்கள். "உன் பெரியப்பாகிட்டச் சொல்லிடாத" என்று சிரித்தீர்கள். இன்றுவரை சொல்லவில்லை.

அன்று மட்டும் ஏன் எழுந்து போனீர்கள் என்று எழுதவும்.

இன்னும் வழி இருக்கிறது. தாங்கள் செயலாளருக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். எனக்கு அவர் விலாசம் தெரியாது. அண்ணன் சொல்ல மறுக்கிறார்.

சந்தனா


செஞ்சி
1-7-1961

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். என் கடிதம் வந்திருக்கும். கார்டாவது போடவும். ஆவணி பதினொன்றாம் தேதி என்று பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். பயிற்சி இம்மாதம் பதினைந்தாம் தேதி ஆரம்பிக்கிறதாம்.

சந்தனா


திருவல்லிக்கேணி
12-8-1961

அன்புள்ள சந்தனாவுக்கு ஆசிகள். தேர்வுத்தாள் வேலையில் உன் கடிதங்களுக்குப் பதில் எழுத முடியாமல் போயிற்று. முழங்காலுக்கு இப்போது வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

பொது இடத்தில் நேரம் போனால் நிகழ்ச்சிகள் விட்டுப்போவது உண்டு. அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. நான் படித்து என்ன கண்டேன் என்று நீ நினைத்துப் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் வேலை. ஒண்டியாக ஒரு வீடு. உனக்கு அப்படி வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் உன் எதிரிகள் அல்ல.

ஆரணிப் பட்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். அரக்குக் கலர். கல்லூரியில் விடுப்பு இல்லாததால் கல்யாணத்துக்கு வர இயலாது. இருவரும் நீடு வாழ்க.

அன்புடன்,
ருக்மணி


திருவல்லிக்கேணி
3-2-1962

சௌபாக்கியவதி சந்தனாவுக்கு ஆசிகள். உன் மாமியார், மாமனார், மாப்பிள்ளை அனைவரும் நலமா? மசக்கை என்று உன் அம்மா எழுதியிருந்தாள். புளிப்பு அதிகம் சேர்த்துக்கொள்ளாதே.

ஒரு காரியமாக எழுதுகிறேன். ஏப்ரலில் டெல்லியில் இளைஞர்களின் கட்டட அமைப்புகளுக்குப் பெரிய கண்காட்சி நடக்கிறது. சம்பவநாதனின் மகாலையும் கேட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அவனுக்கு ஒரு வேலை முடிவாகும். ரயில் பார்சலில் அனுப்பியதில் பொம்மை நொறுங்கிவிட்டது. இங்கே ஒரு தச்சரிடம் கொடுத்து இரண்டு முறை செய்தும் மிளகு இறங்கவில்லை. நீ புதிதாக ஒன்று செய்து தர முடியுமா? முடியாவிட்டால் அளவுகளையாவது எழுது. அவனுக்குக் கேட்கக் கூச்சம்.

அளவுக் குறிப்பு எங்காவது கிடைக்குமா என்று பழைய காகிதங்களைத் தேடியபோது இத்துடன் வைத்திருக்கும் கடிதம் அகப்பட்டது. இது உன்னைப் பற்றியது. உன்னிடம் இருப்பதுதான் முறை. கல்யாணம் கூடிய நேரத்தில் இதைக் காட்டி உன் மனத்தைக் கலைக்க நான் விரும்பவில்லை. இப்போது உனக்கு ஒரு குடும்பம் ஆகிவிட்டது. பக்குவமாக எடுத்துக்கொள்வாய்.

அன்புடன்,
ருக்மணி

(இணைப்பு)

சென்னை
9-6-1961

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு வணக்கம்.

செஞ்சி விழாவில் மேடைக்கு வந்து மூன்றாம் அடுக்கைத் திருப்பிய பெண்ணைப் பற்றி இக்கடிதம். ஆட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே தடை எங்கே என்று கண்டுபிடித்தாள். செய்த கைக்குத்தான் அது தெரியும். பஸ்ஸுக்கு நிற்கும்போது தங்கள் தமையனாரைக் கேட்டேன். "நம்ம வீட்டுப் பொண்ணுங்க" என்பதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

பரிசைத் திரும்பப் பெறும் எண்ணம் எனக்கு இல்லை. தங்கள் மருமகன் மேல் எந்த நடவடிக்கையும் வராது. அதற்கு நான் பொறுப்பு. அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் தங்களுக்கு எழுதுகிறேன். வரைபடப் பயிற்சியில் ஓர் இடத்தை அந்தப் பெண்ணுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். ஜூன் 25-க்குள் அவள் பெயரை மட்டும் ஒரு கார்டில் எழுதி அனுப்பினால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள்,
வீராசாமி


அவலூர்பேட்டை
20-2-1962

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். இங்கு அனைவரும் நலம். மசக்கை நின்றுவிட்டது. இது ஐந்தாம் மாதம்.

இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களைக் கடையில்தான் பிரிப்பார்கள். மூட்டை எடை போடுகிறவர்கள், வண்டிக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது என் வீட்டுக்காரர் இரண்டு கடிதங்களையும் சத்தமாகப் படித்திருக்கிறார். மத்தியானம் சாப்பிட வந்தபோது மாமியாரிடம் சொன்னார். "இன்னாது, இவ கட்டடம் கட்டப் போறாளாமா? சாரம் கட்டி ஏறுவாளா?" என்று மாமியாருக்குப் புரையேறிவிட்டது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக, "அந்தக் காயிதம் அப்பவே வந்திருந்தா போயிருப்பியா?" என்று கேட்டார். போயிருக்க மாட்டேன் என்றேன். "அதான பாத்தேன்" என்று துண்டை வாங்கிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை நம்பினார். இனி இந்த வீட்டில் நான் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜூன் ஆறாம் தேதி என் கடிதம். ஒன்பதாம் தேதி அவருடையது. ஜூலையில் நான் கார்டு கேட்டு எழுதியபோது இரண்டும் தங்கள் மேஜையில் இருந்திருக்கின்றன. அண்ணனுக்கு ஒன்றும் வராது என்று அவர் எழுதியதையும் தாங்கள் படித்திருக்கிறீர்கள். பெரியப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தம் பிள்ளைக்காகச் செய்தார். தாங்கள் யாருக்காகச் செய்தீர்கள் என்று பதினைந்து நாளாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு விடை கிடைக்கவில்லை. தாங்கள் எழுத வேண்டியதும் இல்லை.

பொம்மை கேட்டிருந்தீர்கள். அளவெல்லாம் எனக்கு நினைவில் இருக்கிறது. எழுத மாட்டேன். அண்ணனே செய்யட்டும். பரிசு வாங்கியவருக்கு அது பெரிய வேலை இல்லை. டெல்லியில் மிளகு இறங்காமல் நின்றால், தங்கச்சி தொட்டுவிட்டாள் என்று சொல்லச் சொல்லுங்கள்.

வீராசாமி தங்களிடம் கேட்டது ஒரு பெயர். அதற்கு ஒரு கார்டில் ஒரு வார்த்தை எழுதினால் போதும். அந்த வார்த்தை தங்களுக்குத் தெரிந்திருந்தது.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஆதிராஜன் சம்சாரம்